நின்ற இடத்தில் உழக்கியவர்கள்

போன சித்திரை வருசப் பிறப்புக்கு எங்கட ஊர் விளையாட்டு விழாவில மெதுவாகச் சைக்கிள் ஓடும் போட்டியில நானும் பேர் குடுத்தனான். மற்ற எல்லா ஓட்டத்திலும் முதல் வாறவர் வெல்லுவார். இதில கடைசியாக வாறவர்தான் வெல்லுவார். கால் நிலத்தில பட்டால் அவுட். பக்கத்துக் கோட்டைத் தாண்டினாலும் அவுட். விசில் ஊதி ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது, நான் கால் ஊண்டிவிட்டேன்.

வென்றது அறுபது வயதைத் தாண்டிய ஒரு ஐயா. அவரின் சைக்கிள் பழைய, 28 அங்குலச் சில்லு வைத்த பெரிய சைக்கிள். முன்சில்லை ஒரு பக்கம் சரித்து, பெடலை மெல்ல மெல்ல அமத்தி, ஓடுகிறாரா நிற்கிறாரா என்று தெரியாத மாதிரி வந்தார். முடிய, கிட்டப் போய் "எப்பிடி ஐயா?" என்று கேட்டேன்.

"பிறேக்கை மட்டும் நம்பினால் விழுவாய் பிள்ளை. கால் சும்மா இருக்கக் கூடாது" என்றார்.

அன்றிரவு இதை வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது நண்பி ஒருத்தி ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரே ஒரு பெரிய சில்லு, அதற்கு மேல ஒரு சீற், அதில ஒரு ஆள். கான்டில் இல்லை, பிறேக் இல்லை. அந்த ஆள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறார். அதைப் பார்த்த அம்மா, "உதென்ன பெரிய வித்தை? நாங்கள் அஞ்சு வருசம் நிண்ட இடத்தில உழக்கினாங்கள்" என்றா.

அம்மா எதைச் சொன்னா என்பது எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை. இந்தக் கட்டுரை அதை விளங்கிக்கொள்ள எடுத்த முயற்சி. ஒற்றைச் சில்லில் தொடங்கி, வல்வெட்டித்துறைக்காரர் ஒருவரின் வழியாக, எங்கட வீட்டு விறாந்தைக்கு வந்து சேரும்.

பெரிய சில்லில் நிற்பது

ஒற்றைச் சில்லுச் சைக்கிளில் பெடல் நேரே சில்லின் அச்சோடு பொருத்தப்பட்டிருக்கும். நடுவில் செயின் கிடையாது. எங்கட சைக்கிளில் உழக்குவதை நிற்பாட்டினாலும் சில்லு தன்பாட்டில் உருளும், பெடலைப் பின்னுக்குச் சுற்றினால் கடகடவென்று சத்தம் மட்டும் வரும். ஒற்றைச் சில்லில் அப்படி இல்லை. கால் முன்னுக்குப் போனால் சில்லும் முன்னுக்கு, கால் பின்னுக்கு வந்தால் சில்லும் பின்னுக்கு. கால் நின்றால் சில்லும் நிற்கும், அடுத்த கணம் ஆள் விழுவார்.

ஆகவே அதில் "நிற்பது" என்பது உண்மையில் நிற்பதே இல்லை. ஒரு கால் கீழேயும் மற்றக் கால் மேலேயும் இருக்கும். பாரத்தின் பெரும்பகுதி கீழ்க் காலில். அந்தக் கீழ்க் கால் பழைய மணிக்கூட்டின் ஊசல் மாதிரி முன்னும் பின்னும் ஆட, சில்லு உடலுக்குக் கீழே போய்ப் போய் வரும். உடல் முன்னுக்குச் சரியப் பார்க்கும்போது சில்லு முன்னுக்கு ஓடி அதைத் தாங்கும். பின்னுக்குச் சரியப் பார்க்கும்போது பின்னுக்கு வந்து தாங்கும். தலையும் தோளும் அசையாத மாதிரித்தான் தெரியும். அசைவெல்லாம் இடுப்புக்குக் கீழே.

பழகுகிறவர்கள் முதலில் ஒரு மதிலையோ கம்பி வேலியையோ பிடித்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். கண்ணைச் சில்லில் வைக்கக் கூடாது, தூரத்தில் ஒரு அசையாத பொருளில் வைக்க வேணும். முதலில் ஒரே ஒரு ஆட்டம், பிறகு இரண்டு, பிறகு ஐந்து. ஒரு கால் கீழே இருக்கும்படி பழகியவர், கால் மாறினால் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

சிறிய சில்லில் இது ஓரளவு சுலபம். 20 அங்குலச் சில்லு பாதி சுற்றினால் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர்தான் நகரும். எங்கட பெரிய சைக்கிளின் 28 அங்குலச் சில்லு பாதி சுற்றினால் ஒரு மீற்றரைத் தாண்டும். தூரப் பயணத்துக்குப் பாவிக்கிற 36 அங்குல ஒற்றைச் சில்லென்றால் ஒன்றரை மீற்றருக்குக் கிட்ட வரும். அத்தோடு பெரிய சில்லில் ரயரும் றிம்மும் பாரம். ஒரு பக்கம் உருளத் தொடங்கியதை நிற்பாட்டி மற்றப் பக்கம் திருப்புவதற்குக் காலில் நல்ல பலம் வேண்டும், அதைவிட நல்ல நேரக் கணிப்பு வேண்டும். திருப்புவதற்கு அரை விநாடி பிந்தினால் சில்லு உங்களைவிட்டுப் போய்விடும். அதனால் பெரிய சில்லில் பழகுகிறவர்கள் ஆட்டத்தைச் சின்னதாக வைத்துக்கொள்வார்கள், தாளத்தை ஆறுதலாக்குவார்கள். பெடல் தண்டு கொஞ்சம் நீளமாக இருந்தால் திருப்புவதும் கொஞ்சம் லேசு.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் பழக வேணும்? பெரிய சில்லில் ஏறுவதே ஒரு பெரிய பாடு. சந்தியில் சிவப்பு லைற் விழுந்தால், இறங்கி மறுபடி ஏறுவதைவிட நின்ற இடத்தில் ஆடிக்கொண்டு நிற்பது நல்லது. பயணம் போகிறவருக்குத்தான் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய சில்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1870களில் இங்கிலாந்தில் ஓடிய சைக்கிள்களில் முன்சில்லு ஆளின் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும், பின்சில்லு சின்னஞ்சிறிசு. பெடல் முன்சில்லின் அச்சிலேயே இருந்ததால், ஒரு உழக்குக்கு ஒரு சுற்றுத்தான். வேகம் வேணும் என்றால் சில்லைப் பெரிசாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதில் சடாரென்று வேகத்தைக் குறைத்தால் பின்சில்லு நிலத்தைவிட்டு எழும்பிவிடும், ஓடுகிறவர் கணநேரம் ஒற்றைச் சில்லில் நிற்பார். அந்தக் கணத்தை நீட்டிப் பார்த்த வித்தைக்காரர்களிடமிருந்துதான் ஒற்றைச் சில்லுச் சைக்கிள் பிறந்தது என்று சொல்லப்படுகிறது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செயின் பூட்டிய, இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவான "றோவர்" சைக்கிளைக் கொண்டுவந்த பிறகு, பெரிய சில்லின் காலம் முடிந்தது. எங்கட அப்பப்பாமார் ஓடிய றலிச் சைக்கிள்களெல்லாம் அந்த றோவரின் வழிவந்தவைதான்.

நின்று வென்றவர்கள்

மெதுவோட்டம் எங்கட ஊர்ப் பகிடி விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் நிற்பதற்கு ஒலிம்பிக்கிலேயே இடம் இருந்திருக்கிறது.

தடகள வளையத்தில் நடக்கும் சைக்கிள் ஸ்பிறின்ற் போட்டியில் இரண்டு பேர் மோதுவார்கள். முன்னுக்குப் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னுக்கு வருகிறவர் அந்த மறைவில் பலத்தைச் சேமித்துக் கடைசி நேரத்தில் பாயலாம். ஆகவே முதலில் முன்னுக்குப் போக இருவருக்குமே விருப்பமில்லை. என்ன செய்வார்கள்? நிற்பார்கள். கால் ஊன்றாமல், சைக்கிளிலேயே, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சைக்கிள்களிலும் பெடலும் சில்லும் ஒன்றாகவே சுழலும் என்பதால் முன்னும் பின்னும் நூலளவு ஆடி நிற்கலாம்.

1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் ஜொவான்னி பெத்தெனெல்லாவும் பிரான்சின் பியேர் திரந்தானும் இப்படி 21 நிமிடம் 57 விநாடி நின்றார்கள். 1968இல் வரேசே என்ற இத்தாலிய நகரத்தில் அதே பெத்தெனெல்லா, செர்ஜியோ பியான்செத்தோவோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். ஓட்டப் போட்டியைப் பார்க்க வந்த சனம் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இப்படி நிற்பதற்கு விதிகளில் கட்டுப்பாடு வந்துவிட்டது.

அந்த இருவரும் ஏன் நின்றார்கள்? வெல்வதற்கு. ஆனால் வெல்வதற்கு எதிராளியே இல்லாமல் நின்ற ஒருவர் எங்கட வடமராட்சியில் இருந்தார்.

வல்வெட்டித்துறைக்காரர்

வி. எஸ். குமார் ஆனந்தன் 1943இல் வல்வெட்டித்துறையில் பிறந்தவர். தொழிலால் சட்டத்தரணி. எங்கட ஆக்களுக்கு அவர் "ஆழிக்குமரன்" ஆனந்தன். 1971இல் பாக்குநீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், அங்கிருந்து திரும்பி இலங்கைக்கும் 51 மணித்தியாலத்தில் நீந்தினார். அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இந்த ஒரு செய்தி தெரிந்திருக்கும்.

நான் இங்கே சொல்லப்போவது அவர் கடலைக் கடந்ததை அல்ல. அவரின் கின்னஸ் சாதனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் கண்ணில் படும். அதில் பலவற்றில் அவர் எங்கேயும் போகவேயில்லை.

ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். 1981 பெப்ரவரியில் சென்னை மெரினாவிலுள்ள அண்ணா நீச்சல் தடாகத்தில் 80 மணித்தியாலம் நிலைநீச்சலில் நின்றார். அதற்கான விதியைக் கேளுங்கள்: எட்டடிச் சதுரத்துக்குள், செங்குத்தாக, தடாகத்தின் எந்தப் பக்கத்தையும் தொடாமல் மிதக்க வேண்டும். மூன்று பகலும் மூன்று இரவும் தாண்டி, எட்டடிக்குள் கையும் காலும் அடித்துக்கொண்டிருந்தவர் ஒரு முழம்கூடப் பயணம் போகவில்லை. காலை நிறுத்தியிருந்தால் தாண்டிருப்பார்.

எங்கட கதைக்குக் கிட்ட வருவது 1979 மே மாதம். 2ஆம் திகதியிலிருந்து 10ஆம் திகதிவரை கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் ஓடினார். 187 மணித்தியாலம் 28 நிமிடம், கால் ஊன்றாமல். தூரம் 1,487 மைல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மூன்று தரம் போய் வருகிற தூரம் அது. ஆனால் ஏறின இடமும் இறங்கின இடமும் ஒன்றுதான்.

நேரத்தால் தூரத்தைப் பிரித்துப் பாருங்கள். மணிக்கு எட்டு மைலும் வராது. ரியூசனுக்குப் பிந்திய பெடியள் ஓடுகிற வேகத்தில் பாதிதான். ஆகவே அந்தச் சாதனை வேகத்தின் சாதனை இல்லை. நித்திரை அமத்தும்போதும் விழாமல் இருந்ததன் சாதனை. மெதுவாகப் போகிற சைக்கிளை விழாமல் வைத்திருப்பது வேகமாகப் போவதை நிமிர்த்தி வைத்திருப்பதைவிடக் கஷ்டம் என்பது மெதுவோட்டத்தில் ஒருக்கால் கால் ஊன்றிய எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் இந்த மாதிரி விசயங்களில் எங்கட ஆக்களுக்கு ஒரு வெறியே இருந்திருக்கிறது. ஆனந்தனின் ஒற்றைக்கால் சாதனையை 1982 ஏப்ரலில் 34 மணித்தியாலம் நின்று முந்தியவரும் தமிழர்தான், சத்தியமங்கலத்தைச் சேர்ந்த ரவி என்பவர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மைதானத்தில் ஒரு கம்பத்தை நட்டு, பாட்டுப் போட்டு, அதைச் சுற்றி நாள்கணக்கில் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓடுகிற கலைஞர்கள் இருந்தார்கள். சைக்கிளிலேயே குளிப்பார்கள், சைக்கிளிலேயே சாப்பிடுவார்கள். சனம் சில்லறை போடும். அவர்களும் எங்கேயும் போகவில்லை.

ஆனந்தன் 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் இறந்துபோனார். வயது 41. அவர் நின்ற, ஓடின, மிதந்த மணித்தியாலங்கள் நிமிடம் பிசகாமல் எண்ணி எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் மணிக்கூட்டோடு ஆட்கள் இருந்தார்கள். அவர் இறந்து ஆறு வருடத்தில், யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு ஆட்கள் சைக்கிளை நின்ற இடத்தில் ஓடத் தொடங்கினார்கள். அங்கே ஒருவரும் மணிக்கூடு பிடிக்கவில்லை.

டைனமோ

1990 ஜூனில் மறுபடியும் சண்டை தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மெழுகுதிரி இல்லை, சவுக்காரம் தட்டுப்பாடு. மண்ணெண்ணெய் வந்தால் நெருப்பு விலை. மோட்டச்சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் புகை கக்கக் கக்க ஓடினார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தார்கள். மிச்சம் எல்லாமே சைக்கிள்தான். விறகு சைக்கிளில், மரக்கறி சைக்கிளில், வருத்தக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் சைக்கிள் கரியரில். பெட்டையளும் பெடியளும் சரிசமமாக உழக்கினார்கள்.

ஆனால் சனத்துக்குச் சாப்பாட்டுக்கு அடுத்ததாக வேண்டியிருந்தது செய்தி. எங்கே ஷெல் விழுந்தது, எந்தப் பாதை பூட்டு, பேச்சுவார்த்தை நடக்குமா, கொழும்பில் இருக்கிற பிள்ளைக்கு என்ன நடந்தது. லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை இரவில் வரும். றேடியோ இருக்கிறது, பற்றரி இல்லை. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாள் இழுத்துப் பார்த்தார்கள். அதுவும் முடிய, சைக்கிளைப் பார்த்தார்கள்.

சைக்கிளில் டைனமோ இருந்தது. இரவில் லைற் இல்லாமல் ஓடினால் பொலிஸ் பிடிக்கும் என்ற பழைய பயத்தில் பூட்டியது. சின்னப் போத்தல் மாதிரி இருக்கும் அதன் தலை ரயரின் பக்கத்தில் உரசிச் சுற்றும்போது உள்ளே இருக்கிற காந்தமும் சேர்ந்து சுற்றும், கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆறு வோல்ற், மூன்று வாற். நாலு பற்றரி போடுகிற றேடியோவுக்கும் வேண்டியது அதே ஆறு வோல்ற்தான். ஆனால் டைனமோவில் வருவது திசை மாறி மாறி வரும் மின்சாரம், றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் வருவது. நாலு டயோட்டைச் சேர்த்துப் பிடித்து, ஒரு கப்பாசிற்றரைப் போட்டால் அதுவும் சரி. அதுவரை றேடியோ திருத்துகிறவருக்கு மட்டும் தெரிந்திருந்த டயோட் என்ற சொல், ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் தெரிந்த சொல்லாகியது.

பிறகு சைக்கிளை விறாந்தையில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். சீற்றும் கான்டிலும் நிலத்தில், இரண்டு சில்லும் மேலே. ஒருவர் பக்கத்தில் குந்தி இருந்து பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோ பின்சில்லில் இருந்து, டபிள் ஸ்ராண்டும் இருந்தால் கவிழ்க்கத் தேவையில்லை. ஸ்ராண்டில் விட்டு, ஏறி இருந்து உழக்கலாம். சில்லு சுழலும், சைக்கிள் நிற்கும், லண்டன் கதைக்கும்.

எங்கட வீட்டில் சுற்றியது அம்மா. 1991இல் அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன்மாரும் மாறி மாறிச் சுற்றினவையாம், ஆனால் தாத்தா அம்மாவைத்தான் கூப்பிடுவாராம். ஏன் என்று கேட்டேன்.

"அவங்கள் அவசரப்படுவாங்கள். நான் ஒரே மாதிரிச் சுத்துவன்."

இந்த "ஒரே மாதிரி"தான் விசயம். வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறும், றேடியோவுக்குக் கூடாது. மெதுவானால் குரல் மெலிந்து, கிணத்துக்குள்ளால வருகிற மாதிரி அமுங்கும். சிற்றலை வானொலியில் மின்சாரம் ஏறி இறங்கினால் பிடித்து வைத்த நிலையமே நழுவிப் போகும். தாத்தா முள்ளை ஒரு மயிரிழை திருப்பி மறுபடி பிடிக்க வேண்டும். அதற்குள் ஒரு ஊரின் பெயர் போய்விடும். அந்த ஊர் பக்கத்து வீட்டு ஆச்சியின் மகன் நிற்கிற ஊராக இருக்கலாம். விறாந்தையில் பத்துப் பதினைந்து பேர் மூச்சு விடாமல் இருப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை தளர்ந்தால் பதினைந்து பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"செய்தியில என்ன சொன்னவை அம்மா?"

"எனக்கெங்க கேட்டது? செயின் சத்தமும் டைனமோ இரைச்சலும்தான் எனக்குக் கேட்டது. முடிஞ்ச பிறகு ஆக்களின்ர முகத்தைப் பாத்துத்தான் நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ எண்டு அறிவன்."

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழோசை அரை மணித்தியால நிகழ்ச்சி. ஒரு இரவுக்கு அரை மணித்தியாலம் சுற்றினால், ஆனந்தன் விகாரமகாதேவிப் பூங்காவில் ஓடிய 187 மணித்தியாலம் 28 நிமிடத்தைத் தொடுவதற்கு 375 இரவுகள் வேண்டும். ஒரு வருடமும் பத்து நாளும். 1990 ஜூனுக்கும் 1995 ஒக்டோபருக்கும் நடுவே ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. எல்லா இரவும் அம்மா சுற்றவில்லை. றேடியோ பழுதான நாள் இருக்கும், பங்கருக்குள் இருந்த இரவு இருக்கும், அண்ணன்மார் சுற்றிய இரவு இருக்கும். இருந்தாலும் பாதி இரவுகள் என்று வைத்தாலே அம்மா ஆனந்தனைத் தாண்டிவிடுகிறா. இப்படி எத்தனை வீடுகள்?

ஆனந்தனைச் சின்னாக்கிறதுக்கு இதைச் சொல்லவில்லை. அவர் ஒரே மூச்சில் செய்தார், இவர்கள் துண்டு துண்டாகச் செய்தார்கள், இரண்டும் வேறு. ஆனால் ஒன்றுக்குப் பெயர் இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

பாலம்

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. இலட்சக்கணக்கான ஆட்கள் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்துக்குப் போய், அதைக் கடந்து தென்மராட்சிக்குப் போக வேண்டும். மழை. அந்த வீதியில் போனவர்களில் பெரும்பாலானோரிடம் சைக்கிள் இருந்தது. ஏறி ஓட ஒருவராலும் முடியவில்லை. கரியரில் அரிசி மூட்டை, பாரில் உடுப்புப் பை, கான்டிலில் வாளி, சீற்றில் கிழவியோ குழந்தையோ. இரண்டு கையாலும் கான்டிலைப் பிடித்து, ஒரு சாண் தள்ளி, நின்று, மறுபடி ஒரு சாண் தள்ளி. சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் போகிற தூரத்துக்கு முழு இரவும் போதவில்லை.

எங்கட வீட்டுச் சைக்கிளை அம்மாதான் பிடித்து வந்திருக்கிறா, பதினாறு வயதில். "தள்ளுறது கஷ்டமில்லை. நிப்பாட்டி வைச்சிருக்கிறதுதான் கஷ்டம். பாரம் ஒரு பக்கம் இழுக்கும். சரிஞ்சால் பின்னால வாற சனம் மேல விழும்" என்றா. பெரிய சில்லில் நிற்பதைப் பற்றி மேலே நான் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவாவுக்கு நினைவு வந்தது இந்த இரவுதான், றேடியோ இரவுகள் இல்லை.

டைனமோ சைக்கிளோடு பாலத்தைக் கடந்தது. றேடியோ தாத்தாவின் பையில். அடுத்த வருடம் திரும்பி வந்தபோதும் இரண்டும் கூட வந்தன.

2022

எங்கட வயதுக்காரருக்கு இந்த இடத்தில் அதிகம் விளக்கத் தேவையில்லை. 2022 நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டு. பெற்றோல் செற்றுக்கு முன்னால் நாள்கணக்கில் வரிசை. மோட்டச்சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு, சைக்கிள் கடையில் பழைய சைக்கிளைத் திருத்தக் குடுத்தவர்கள் எத்தனை பேர்? புதுச் சைக்கிளின் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்?

அப்படி ஒரு இருட்டு இரவில்தான் நான் கேட்டேன், "அம்மா, அந்த டைனமோ இன்னும் இருக்கோ?" பத்தாயத்துக்குப் பின்னால் இருந்தது. பழைய சைக்கிளில் பூட்டி, கவிழ்த்து வைத்து, ஒரு சின்ன பல்ப்பைக் கொழுவினோம். முதலில் நான் சுற்றினேன். பல்ப் பிரகாசமாகும், மங்கும், மறுபடி பிரகாசமாகும். தம்பி சிரித்தான். என்ன செய்தாலும் ஒரே மாதிரி எரியவில்லை. இரண்டு நிமிடத்தில் தோள் நோகத் தொடங்கியது.

"தள்ளு" என்று அம்மா வந்து குந்தினா. ஒரு கையால் பெடலைப் பிடித்தா. பார்வையைச் சில்லில் வைக்கவில்லை, முற்றத்தில் எங்கேயோ வைத்தா. சுற்றத் தொடங்கினா. பல்ப் எரிந்தது. மினுங்கவில்லை, மங்கவில்லை. முப்பது வருடத்துக்குப் பிறகு, அதே வேகம். கரண்ட் வரும்வரை சுற்றுவா போல இருந்தது. நாங்கள்தான் காணும் என்று சொல்லி நிற்பாட்டினோம்.

வீடியோவைப் பார்த்து அம்மா சொன்னதன் அர்த்தம் எனக்கு இந்த இரவை நினைத்தபோதுதான் பிடிபட்டது. நிற்பது என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். வெளியேறிப் போனவர்களின் கதை எங்களிடம் நிறைய இருக்கிறது, அது பயணத்தின் கதை என்பதால் சொல்லவும் சுலபம். இங்கேயே இருந்தவர்களின் கதையைக் கேட்டால் "சும்மா இருந்தனாங்கள்" என்பார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. கால் ஓயாமல், கை ஓயாமல் உழக்கிக்கொண்டிருந்ததால்தான் இருந்த இடத்தில் இருக்க முடிந்தது.

பிபிசி தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது. அதைக் கேட்டவர்கள் பலர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வாசித்தவர்களின் குரல் எப்படி, எந்தச் செய்தி எந்த இரவில் வந்தது என்றெல்லாம். சுற்றியவர்கள் எழுதவில்லை. சுற்றியது பெரும்பாலும் வீட்டில் சின்னப் பிள்ளையள். அவர்களுக்கு இப்போது நாற்பதும் ஐம்பதும். உங்கட அம்மாவாக இருக்கலாம், சித்தப்பாவாக, பக்கத்து வீட்டு அன்ரியாக இருக்கலாம். இண்டைக்கே கேளுங்கள்: உங்கட வீட்டில ஆர் சுத்தினது? எந்தச் சைக்கிள்? கையாலயோ காலாலயோ? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? கேட்டதைத் திகதியோடு எழுதி வையுங்கள்.

நான் வாற சித்திரைக்கு மறுபடியும் மெதுவோட்டத்துக்குப் பேர் குடுப்பன். பின்னேரத்தில ஒழுங்கைக்குள்ள பழகுகிறேன். அம்மா படலையில நிண்டு பார்க்கிறா. நேற்றுப் பதினொரு விநாடி.